உங்கள் சேவைச் சங்கத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி?

ஒரு சேவைச் சங்கம் இருபத்தைந்தாவது ஆண்டையோ ஐம்பதாவது ஆண்டையோ நெருங்கும்போது, அதன் வரலாற்றை எழுதி வெளியிட வேண்டும் என்ற எண்ணம் உறுப்பினர்களுக்குத் தோன்றுவது இயல்பு. அந்த எண்ணத்திலிருந்து பெரும்பாலும் பிறப்பது ஒரு விழா மலர்தான். முன்பக்கங்களில் வாழ்த்துச் செய்திகள், அடுத்து முன்னாள் தலைவர்களின் படங்கள், அதன்பின் வழங்கப்பட்ட மூக்குக் கண்ணாடிகள், சக்கர நாற்காலிகள், நோட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை, கடைசியில் விளம்பரங்கள் என்று அது முடிந்துவிடும். அதைப் படித்து முடித்தவருக்குச் சங்கம் எதையெதைக் கொடுத்தது என்பது தெரியும். ஊதியம் எதுவும் இல்லாமல், தம் கைப்பணத்தையும் செலவழித்து, முப்பது ஆண்டுகளாக மாலை வேளைகளை அதற்கென ஒதுக்கிவைத்த மனிதர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது மட்டும் தெரியாது.

என் கருத்தில், ஒரு தன்னார்வச் சங்கத்தின் வரலாற்றில் விடை காண வேண்டிய முதன்மையான கேள்வி அதுதான். அலுவலகத்தில் ஒருவர் நீடிப்பதற்குச் சம்பளம் காரணமாக இருக்கலாம். சங்கத்தில் நீடிப்பதற்கு அப்படி ஒரு காரணம் கிடையாது. ஆகவே உறுப்பினர்கள் அங்கே என்ன பெற்றார்கள் என்பதைப் பதிவு செய்வதைத் தற்புகழ்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. சங்கம் ஏன் வளர்ந்தது, ஏன் தளர்ந்தது, ஏன் ஒரு கட்டத்தில் மீண்டும் எழுந்தது என்பவற்றுக்கான காரணங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. திட்டங்களின் வரலாற்றையும் உறுப்பினர்கள் அடைந்த பயனையும் ஒரே நூலாக எழுதும் முறையைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

முதலில் பெரிய வரலாறு, ஆனால் ஒரு பக்கம் மட்டும்

உங்கள் சங்கம் ஏதேனும் உலகளாவிய அமைப்பைச் சேர்ந்ததாக இருந்தால், அந்த அமைப்பு தோன்றிய விதத்தைச் சுருக்கமாகச் சொல்வது தேவை. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், நிலக்கரி வணிகர் சில்வெஸ்டர் ஷீல், சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோர், தையல் தொழில் நடத்திய ஹைரம் ஷோரி ஆகிய மூவரோடு கூடிய கூட்டமே ரோட்டரியின் தொடக்கம். பெருநகரத்தில் நண்பர்கள் இல்லாத தனிமையும், ஒருவருக்கொருவர் தொழிலில் உதவிக்கொள்ளும் விருப்பமுமே அவர்களை இணைத்தன. பொதுத்தொண்டு அப்போது நோக்கமாகவே இருக்கவில்லை. அடுத்த ஆண்டில் சேர அழைக்கப்பட்ட டொனால்ட் கார்ட்டர் என்ற வழக்கறிஞர், தன் உறுப்பினர்களைத் தவிர வேறு யாருக்கும் பயன்படாத சங்கத்துக்கு நீண்ட எதிர்காலம் இல்லை என்ற எண்ணத்தில் தயங்கியதும், அதன் விளைவாகப் பொதுநலம் சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்றாகச் சேர்ந்ததும், 1907இல் நகரில் பொதுக் கழிப்பறைகள் அமைப்பதற்கான முயற்சியைச் சங்கம் கையில் எடுத்ததும் அதன் பிறகு நடந்தவை.

பிற அமைப்புகளின் கதையும் ஏறக்குறைய இதே வழியில்தான் செல்கிறது. 1915இல் டெட்ராய்ட் நகரில் தோன்றிய கிவானிஸ், உறுப்பினர்களிடையே வணிகப் பரிமாற்றத்துக்காகத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே தொண்டை நோக்கித் திரும்பியது. சிகாகோவில் காப்பீட்டுத் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ், தாம் அங்கம் வகித்த வணிகர் வட்டத்தின் நோக்கம் மிகவும் குறுகியது என்று கருதி 1917 ஜூன் 7 அன்று பல சங்கங்களின் பிரதிநிதிகளைக் கூட்டினார். அதிலிருந்து பிறந்த லயன்ஸ், உறுப்பினர்களின் பண ஆதாயத்தைத் தன் நோக்கமாக எந்தச் சங்கமும் கொள்ளக் கூடாது என்றே விதி செய்துகொண்டது. 1925இல் ஒஹாயோ மாநிலத்தின் சீடர் பாயின்ட்டில் நடந்த மாநாட்டில் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளுக்குப் பிறகு பார்வையற்றோருக்கான பணி அதன் அடையாளமாயிற்று.

இந்த வரலாற்றில் நான் முக்கியமாகக் கருதுவது அதன் வரிசைமுறையை. தோழமையும் சொந்தப் பயனும் முதலில் வந்தன. தொண்டு பிறகு வந்து அவற்றோடு சேர்ந்துகொண்டது. ஒன்று வந்ததால் மற்றொன்று வெளியேறிவிடவில்லை. உங்கள் சங்கத்திலும் இப்படித்தான் நடந்ததா என்று பழைய குறிப்பேடுகளைக் கொண்டு சோதித்துப் பார்ப்பது நல்ல தொடக்கமாக அமையும்.

இதற்கு மேல் உலக வரலாற்றுக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் கையில் இருக்கும் ஆவணங்களை விளக்குவதற்கு எந்தச் செய்தி உதவுகிறதோ அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, உங்களுடையது ரோட்டரி சங்கம், 1980களின் இறுதிவரை உறுப்பினர் பட்டியலில் ஆண்கள் பெயர் மட்டுமே இருந்து, அதன்பின் பெண்கள் பெயர் வரத் தொடங்குகிறது என்றால், அதற்குக் காரணம் உங்கள் சங்கத்துக்கு வெளியே இருக்கிறது. கலிபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டதற்காக 1978இல் பட்டயத்தை, அதாவது மேலமைப்பு தரும் அங்கீகாரச் சான்றை, இழந்தது. வழக்கு நீதிமன்றங்களைக் கடந்து சென்று, 1987 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களைச் சேர்ப்பதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1989இல் ரோட்டரி தன் விதியையே மாற்றிக்கொண்டது. லயன்ஸ், கிவானிஸ் அமைப்புகளும் 1987இல் பெண்களுக்குக் கதவைத் திறந்தன. அதே போல, 1985க்குப் பிறகு ரோட்டரி சங்கங்களின் கணக்கில் போலியோ ஒழிப்புக்கான தொகை தொடர்ந்து தென்படுவதற்கும், 2016க்குப் பிறகு வருகைப் பதிவேடு மெலிந்துபோவதற்கும் மேலமைப்பின் முடிவுகளில் காரணம் தேடலாம். முன்னது போலியோ பிளஸ் திட்டம் தொடங்கிய ஆண்டு, பின்னது கூட்ட நாளையும் வருகை விதியையும் சங்கங்களே தளர்த்திக்கொள்ள இசைவு தரப்பட்ட ஆண்டு.

எந்த அமைப்பையும் சாராத தனிச் சங்கமாக இருந்தால் இந்தப் பகுதியே வேண்டாம். பதிவுச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள்.

ஆவணங்களைத் திரட்டுதல்

சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இருந்தாலும் அதன் ஆவணங்கள் அங்கே முழுமையாக இருப்பது அரிது. செயலாளர் மாறும்போது பெட்டியும் கைமாறும். ஏதோ ஓர் ஆண்டில் அது ஒருவர் வீட்டுப் பரணிலேயே தங்கிவிடும். எனவே முன்னாள் செயலாளர்கள், பொருளாளர்கள் ஆகியோரின் பட்டியலைத் தயாரித்து ஒவ்வொருவரையும் நேரில் கேட்பதே முதல் வேலை. மறைந்த உறுப்பினர்களின் குடும்பத்தாரையும் அணுக வேண்டும். அவர்கள் ‘பழைய காகிதம்’ என்று ஒதுக்கிவைத்த கட்டுக்குள் தொடக்க ஆண்டுகளின் கடிதங்கள் இருக்கக்கூடும். அசலைக் கேட்டு வாங்குவதை விட, படியெடுத்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொன்னால் பெரும்பாலோர் தயங்குவதில்லை. சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டால், அடுத்த பெட்டியும் தானாக வரும்.

தேட வேண்டியவை: பட்டயம், கூட்ட நடவடிக்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, வரவு செலவுக் கணக்கு, செய்தி மடல்கள், மாவட்ட ஆளுநருடனான (ஒரு வட்டாரத்துச் சங்கங்களுக்கு மேலமைப்பின் சார்பில் தலைமை வகிப்பவர்) கடிதப் போக்குவரத்து, அழைப்பிதழ்கள், புகைப்படங்கள். இவை அனைத்தும் ஒரே தரத்துச் சான்றுகள் அல்ல என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். செய்தி மடல் நிகழ்ச்சிக்கு முன்பே அச்சாகியிருக்கலாம். ‘முகாம் நடைபெறும்’ என்று அதில் இருப்பது முகாம் நடந்ததற்குச் சான்று ஆகாது. நடவடிக்கைப் பதிவேடு எடுத்த முடிவைச் சொல்லும், நிறைவேறியதைச் சொல்லாமல் விடும். பத்திரிகைச் செய்தியைப் பல சமயம் சங்கத்தின் செயலாளரே எழுதி அனுப்பியிருப்பார். இவற்றுள் எனக்கு அதிக நம்பிக்கை கணக்குப் புத்தகத்தின் மேல்தான். பந்தல் வாடகை, மருந்துச் செலவு, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றுக்கு ரசீது இருந்தால் நிகழ்ச்சி நடந்திருக்கிறது. பெருமையாகப் பேசப்பட்ட ஒரு திட்டத்துக்கு எந்த ஆண்டிலும் ஒரு செலவுகூட இல்லை என்றால், விசாரிக்க வேண்டிய செய்தி அங்கே இருக்கிறது.

வருகைப் பதிவேட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை, அது வருத்தத்துக்குரியது. எந்த மாதங்களில் கூட்டம் நிறைந்தது, எந்தத் தலைவரின் காலத்தில் புதியவர்கள் மூன்றாம் கூட்டத்தோடு நின்றுவிட்டார்கள், நீண்ட காலம் வராமல் இருந்த ஒருவர் எப்போது திரும்பி வந்தார் என்பனவற்றை அந்த உயிரற்ற கட்டங்களிலிருந்து படித்துவிடலாம். திரும்பி வந்தவரின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் அவர் முக்கியமானவர்.

காலத்தைக் கணக்கிடுவதில் ஒரு பொறி உண்டு. ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. கிவானிஸ் ஆண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. ஆகவே ஒரு படத்தின் பின்னால் ‘1985’ என்று மட்டும் இருந்தால் அது இரண்டு தலைவர்களில் எவர் காலத்ததாகவும் இருக்கலாம். எல்லா இடத்திலும் 1985–86 என்று இரட்டை ஆண்டாகவே எழுதுங்கள். மாதம் தெரிந்தால் அதையும் சேருங்கள்.

பழைய தாள்களைக் கையாளும்போது துருப்பிடித்த குண்டூசிகளையும் ரப்பர் வளையங்களையும் முதலில் அகற்றிவிட வேண்டும். படத்தின் பின்புறத்தில் எழுத மென்மையான பென்சிலையே பயன்படுத்துங்கள். மைப் பேனா மறுபக்கம் ஊறும். பசை பூசிய பக்கங்கள் கொண்ட ஆல்பங்களில் படங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் பலவந்தமாகப் பிரிக்காமல், பக்கத்தோடு சேர்த்தே படியெடுத்துவிடலாம். எழுத்து ஆவணங்களுக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவு போதும். சிறிய படங்களுக்கு 600 வைத்துக்கொள்வது நல்லது. கோப்பின் பெயரை ஆண்டில் தொடங்கினால் கணினியே வரிசைப்படுத்திவிடும். மூன்று படிகளாவது இருக்கட்டும்; அவற்றுள் ஒன்று வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

தொடக்க நாள் எது?

வரலாறு எழுதப் புகும் ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு சிறு சச்சரவு எழும் இடம் இது. சிலர் ஒன்றுகூடிப் பேசிய நாள், தற்காலிக நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்த நாள், மேலமைப்பு ஏற்றுக்கொண்ட நாள், பட்டயம் விழாவில் வழங்கப்பட்ட நாள் என்று நான்கு நாட்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் தொடக்கமாகக் கருதும் மூத்த உறுப்பினர் ஒருவரும் இருப்பார். நான்கையும் எழுதிவிடுங்கள். அதிகாரபூர்வமான ஆண்டுக் கணக்குக்கு மேலமைப்பு ஏற்றுக்கொண்ட நாளை எடுத்துக்கொள்வதாக ஒரு வரியில் அறிவித்துவிட்டால் யாருக்கும் குறையிராது. பட்டயத் தலைவர் (பட்டயம் பெற்றபோது இருந்த முதல் தலைவர்) ஒருவரே சங்கத்தைத் தொடங்கியதாகச் சொல்லப்படும் இடங்களிலும் முதல் கடிதத்தில் கையெழுத்திட்டவர் யார், முதல் கூட்டத்துக்கு இடம் தந்தவர் யார், பக்கத்து ஊரிலிருந்து வந்து வழிகாட்டிய சங்கம் எது என்று தேடுங்கள். மற்றவர்களைச் சேரும்படி அழைத்துக்கொண்டு அலைந்தவர்கள் பெரும்பாலும் பதவிப் பட்டியலில் இருப்பதில்லை.

உறுப்பினர்கள் பெற்றதைக் கேட்டறிதல்

நூலின் உயிர்ப்பகுதி நேர்காணல்களிலிருந்துதான் வரப்போகிறது. ஆகவே இதற்குப் போதிய நேரம் ஒதுக்க வேண்டும். ‘சங்கத்தில் சேர்ந்ததால் உங்களுக்குக் கிடைத்தது என்ன?’ என்று நேரடியாகக் கேட்டால் ‘மனநிறைவு’ என்ற ஒரே சொல் எல்லோரிடமிருந்தும் பதிலாக வரும். அது பொய்யல்ல, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பத்தியும் எழுத முடியாது. நிகழ்ச்சியைக் கேளுங்கள்; பயன் அதற்குள்ளிருந்து வெளிப்படும். முதல் கூட்டத்துக்கு உங்களை அழைத்து வந்தவர் யார், அன்று யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்? முதன்முதலில் எழுந்து நின்று பேச வேண்டியிருந்தபோது என்ன செய்தீர்கள்? நீங்கள் கொண்டுவந்த தீர்மானம் தோற்றது உண்டா, அதன்பின் அடுத்த கூட்டத்துக்கு எப்படி வந்தீர்கள்? விலகிவிடலாம் என்று நினைத்த காலம் எது, ஏன் விலகவில்லை? வீட்டில் துயரம் நேர்ந்தபோது சங்கத்திலிருந்து யார் வந்தார்கள்? இந்த வேலைகளில் கற்றுக்கொண்ட எதையாவது தொழிலிலோ குடும்பத்திலோ பயன்படுத்தியிருக்கிறீர்களா? கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் விடைக்குப் பின்வரும் மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பிவிடாத நேர்காணலாளருக்கே நல்ல விடை கிடைக்கிறது. பழைய படம் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுத் தொடங்கினால் பேச்சு எளிதாக நகரும்.

பேசத் தெரிந்த முன்னாள் தலைவர்களோடு நின்றுவிடக் கூடாது. ஒருபோதும் பதவிக்கு வராமல், ஒவ்வொரு முகாமிலும் நாற்காலி போட்டு, பதிவுச் சீட்டு எழுதி, கடைசியில் விளக்கணைத்துவிட்டுப் போனவரிடம் சங்கத்தின் நடைமுறை வரலாறு இருக்கிறது. விலகியவர்களையும் கேட்க வேண்டும். வயது வரம்பு வைத்திருக்கும் அமைப்புகளில் விலகல் விதியால் வருவது: லூயி மார்ச்செசி 1927இல் நார்விச் நகரில் தொடங்கிய ரவுண்ட் டேபிள் இளைஞர்களுக்கென்றே அமைந்தது, ஜேசிஸ் என்ற இளைஞர் அமைப்பிலும் 40 வயதோடு உறுப்பினர் காலம் முடிகிறது. மற்ற சங்கங்களில் விலகியவர் சொல்லும் காரணம், நீடித்தவர் சொல்லும் காரணத்தைப் போலவே மதிப்புடையது. மனத்தாங்கலோடு சென்றவர் பேச மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

விடைகளை வகைப்படுத்துவதற்கு உளவியல் ஆய்வு ஒன்று துணை செய்கிறது. கில் கிளாரி, மார்க் ஸ்னைடர் ஆகியோரும் அவர்களுடைய உடனாய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் தன்னார்வப் பணிக்கு வருவதற்கான காரணங்களை ஆறாகப் பிரித்தார்கள்: தம் விழுமியங்களை வெளிப்படுத்துவது, புதியதை அறிந்துகொள்வது, உறவு வட்டத்தோடு இணைந்திருப்பது, தொழில் முன்னேற்றம், மனச்சுமையிலிருந்து விடுபடுவது, தன்மதிப்பு பெறுவது. ஒருவர் எதை நாடி வந்தாரோ அதுவே பணியில் கிடைக்கும்போது அவர் கூடுதல் நிறைவோடு இருக்கிறார், தொடரவும் விரும்புகிறார் என்பதும் அவர்கள் கண்டது. உங்கள் நேர்காணல்களை இந்த ஆறு தலைப்புகளில் ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். தொடக்க காலத்தவர்கள் தோழமையைப் பற்றிப் பேச, பிற்காலத்தவர்கள் திறன் வளர்ச்சியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால், சங்கம் மாறிய இடம் அதுவாக இருக்கலாம். ஆனால் நூலில் இந்தத் தலைப்புகளை அப்படியே அச்சிட்டுவிடாதீர்கள். எழுதுபவருடைய மேசையில் மட்டும் இருக்க வேண்டிய கருவி அது.

தொண்டு செய்தால் ஆயுள் கூடும் என்று மலர்களில் எழுதும் வழக்கம் பரவியிருப்பதால் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பள்ளிப்படிப்பை முடித்தவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வின் தரவைக் கொண்டு சாரா கொன்ராத் குழுவினர் 2012இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பிறர் நலனைக் காரணமாகச் சொன்ன தன்னார்வலர்களிடையே அடுத்த நான்கு ஆண்டுகளில் இறப்பு குறைவாக இருந்தது. தம் நலனையே முதன்மைக் காரணமாகச் சொன்னவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை, அவர்கள் தொண்டே செய்யாதவர்களைப் போலவே இருந்தார்கள். இது இரண்டுக்கும் இடையே தொடர்பு உண்டு என்று காட்டுகிறதே தவிர, சங்கத்தில் சேர்ந்தால் நோய் வராது என்று உறுதி சொல்லவில்லை. உடல்நலமும் ஓய்வும் உள்ளவர்களே தொண்டுக்கு வருவதும் இயல்புதானே.

விருதுகளையும் பயனையும் வேறுபடுத்துவதும் அவசியம். 1957இல் தொடங்கிய பால் ஹாரிஸ் ஃபெலோ, 1973இல் தொடங்கிய மெல்வின் ஜோன்ஸ் ஃபெலோ ஆகியவை அறக்கட்டளைகளுக்கு வரும் நன்கொடையோடு இணைந்த சிறப்புகள். சட்டையில் அணியும் பதக்கத்தின் பின்னணியில் உண்மையான ஈடுபாடு இருக்கலாம். ஆனாலும் பதக்கங்களின் பட்டியல் உறுப்பினரின் அகவளர்ச்சியைச் சொல்லிவிடாது. நான் கேட்டவரையில் மக்கள் நீண்ட நேரம் பேசுவது வேறு செய்திகளைப் பற்றி. தம் தொழிலுக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒருவரோடு வாரந்தோறும் உட்காரும் வாய்ப்பு, பிறர் பணத்துக்குக் கணக்கு எழுதும் பொறுப்பு, ஓராண்டு தலைமை வகித்துவிட்டு மறு ஆண்டில் பின்வரிசைக்குத் திரும்பிவிடும் பழக்கம், தாம் வாழும் ஊரின் அறியாத தெருக்களுக்குள் முதன்முறையாக நுழைந்த அனுபவம் ஆகியவையே அவை. கடைசியாகச் சொன்ன இரண்டும் விழா மலர்களில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை.

செலவையும் கேட்டு எழுதுங்கள். குழந்தையின் பள்ளி விழாவுக்குப் போக முடியாமல் மாநாட்டுக்குச் சென்றவர், கைப்பணத்தைப் போட்டுவிட்டுத் திரும்பக் கேட்க முடியாமல் நின்றவர், சங்க வேலையால் வீட்டில் மனக்கசப்பைச் சந்தித்தவர் ஆகியோர் எல்லாச் சங்கங்களிலும் உண்டு. இழப்பைச் சொல்லாமல் பயனை மட்டும் சொல்லும் பக்கம் விளம்பரமாகவே படிக்கப்படும்.

ஒலிப்பதிவு செய்வதற்கு முன் இசைவு பெற வேண்டும். எழுதிய பகுதியை அவரவருக்கே படித்துக் காட்டி, வேண்டாம் என்று சொல்வதை நீக்கிவிட வேண்டும். உதவி பெற்றவர்களிடம் இன்னும் கூடுதலான கவனம் தேவை: அவர்களுடைய நோய், வறுமை, படம் ஆகியவை சங்கத்தின் சொத்து அல்ல. முகாமில் எடுத்த ஒருவரின் முகத்தை முப்பது ஆண்டுகள் கழித்து அச்சிடுவதற்கு அன்றைய நிர்வாகி தந்த அனுமதி போதாது.

எழுதும் முறை

தலைவர்களின் பட்டியலை நூலின் பின்னிணைப்புக்கு அனுப்பிவிட்டால் பாதி வெற்றி கிடைத்துவிடும். ஆண்டுக்கு ஒரு பக்கம் என்று எழுதத் தொடங்கினால் எல்லா ஆண்டும் ஒன்றுபோல ஒலிக்கும். பதவியேற்பு விழா, ஆளுநர் வருகை, முகாம், குடும்ப விழா என்ற வட்டம் திரும்பத் திரும்ப வரும். அதற்கு மாறாக, சங்கத்தின் போக்கை மாற்றிய சில திருப்பங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றைச் சுற்றி எழுதுங்கள். முதல் நிலையான திட்டம், முதல் பெண் உறுப்பினர், உறுப்பினர் எண்ணிக்கை சரிந்து சங்கம் மூடப்படும் நிலைக்கு வந்த ஆண்டு, 2020இல் கூட்டங்கள் கணினித் திரைக்கு மாறிய மாதங்கள் ஆகியவை பொதுவாக நல்ல மையங்களாக அமையும்.

ஒரு திட்டத்தையாவது முழு நீளத்தில் பின்தொடருங்கள். யாருடைய யோசனை அது, எதிர்த்தவர் சொன்ன காரணம் என்ன, பணம் எப்படி வந்தது, யார் களத்தில் நின்றார்கள், நாடா வெட்டிய பிறகு பராமரித்தவர் யார், இப்போது அது எந்த நிலையில் இருக்கிறது? குடிநீர்த் தொட்டி அமைத்த செய்தி பதிவேட்டில் இருக்கும். குழாய் பழுதானபோது என்ன நடந்தது என்பது இருக்காது. நேரில் சென்று பாருங்கள். தொட்டி இடிக்கப்பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். நின்றுபோன திட்டத்தைப் பற்றிய நேர்மையான இரண்டு பக்கம், வெற்றிபெற்ற பத்துத் திட்டங்களின் மேல் வாசகருக்கு நம்பிக்கையை உண்டாக்கும்.

எண்களில் கறாராக இருக்க வேண்டும். கண் பரிசோதனைக்கு வந்தவர்கள், கண்புரை உள்ளதாகக் கண்டறியப்பட்டவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், அதன்பின் மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் ஆகிய நான்கும் வெவ்வேறு எண்கள். ‘பயனடைந்தோர்’ என்ற சொல் இவற்றைக் கலந்துவிடுகிறது. அந்தச் சொல்லை நூலிலிருந்து முற்றிலும் விலக்கிவிடலாம் என்பதே என் பரிந்துரை. மரக்கன்றுகளுக்கும் இதுவே பொருந்தும்: நட்டவை வேறு, மூன்றாம் ஆண்டில் உயிரோடிருப்பவை வேறு.

திட்டத்தையும் உறுப்பினரின் பயனையும் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரிப்பதை நான் விரும்புவதில்லை. ‘உறுப்பினர்களின் அனுபவங்கள்’ என்று பின்னால் சேர்க்கப்படும் பகுதி நன்றியுரைகளின் தொகுப்பாக மாறிவிடும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பின்னும் முறைக்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு தருகிறேன். ‘இரத்த தான முகாம் சிறப்பாக நடைபெற்றது’ என்பது பதிவேட்டு நடை. அதே செய்தியை, ‘ஊசியைக் கண்டால் மயங்கிவிடுவேன் என்று சொல்லிப் பதிவு மேசைக்கு ஒதுங்கிய பொருளாளர், வந்தவர்களின் தயக்கத்தைத் தம் தயக்கத்தைக் கொண்டே புரிந்துகொண்டு பேசியதால், அடுத்த ஆண்டு முதல் கொடையாளர்களைத் திரட்டும் பொறுப்பு முழுவதும் அவரிடமே வந்தது’ என்று எழுதினால், முகாம் வளர்ந்த விதமும் அந்த மனிதர் வளர்ந்த விதமும் சேர்ந்தே தெரிகின்றன. இத்தகைய வாக்கியத்துக்கு வேண்டிய செய்தி, நேர்காணலைச் சரியாக நடத்தினால் மட்டுமே கையில் இருக்கும்.

சண்டைகளை என்ன செய்வது என்று பலர் கேட்பதுண்டு. மறைக்க வேண்டாம், பெயர்களும் வேண்டாம். எந்தப் பொருளில் கருத்து வேறுபாடு எழுந்தது, சங்கம் என்ன முடிவெடுத்தது, அதன் விளைவாக எத்தனை பேர் விலகினார்கள் என்ற மூன்றையும் பதிவேட்டின் துணையோடு எழுதினால் போதும். ஒரு சங்கத்திலிருந்து மற்றொரு சங்கம் பிரிந்து பிறந்திருந்தால், அந்தச் சங்கத்தாரின் கூற்றையும் கேட்டு இரண்டையும் அருகருகே வைக்க வேண்டும். பணத்தைப் பற்றிய குற்றச்சாட்டு என்றால் கணக்கும் தணிக்கை அறிக்கையும் காட்டுவதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது.

சரிபார்ப்பும் தொடர்ச்சியும்

வரைவை மூவகையினரிடம் கொடுங்கள்: தொடக்க காலத்தவர் ஒருவர், அண்மையில் சேர்ந்தவர் ஒருவர், சங்கத்தோடு தொடர்பே இல்லாத ஒருவர். முதலாமவர் தவறான பெயரையும் ஆண்டையும் திருத்துவார். இரண்டாமவர் தமக்கு விளங்காத பழைய வழக்கங்களைச் சுட்டுவார். மூன்றாமவர் எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தினார் என்று கேட்டறிந்தால், நூலில் எங்கே வெட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். ஒரே நிகழ்ச்சியை இருவர் முரண்பாடாகச் சொல்லி, ஆவணமும் இல்லையென்றால், இரண்டு கூற்றையும் அப்படியே கொடுத்துவிடுவது நேர்மையானது.

அச்சுப் படிகள் குறைவாகவே இருக்கட்டும்; ஊர் நூலகத்துக்கும் மேலமைப்பின் அலுவலகத்துக்கும் ஒவ்வொரு படி சென்று சேர்வதை உறுதி செய்துகொள்ளுங்கள். புதிதாகச் சேர வருபவருக்கு முழு நூலையும் கொடுக்க வேண்டியதில்லை. உறுப்பினர் ஒருவர் விலக நினைத்துப் பின் விலகாமல் நின்ற கதை வரும் அத்தியாயத்தைத் தனியாகப் படியெடுத்துக் கொடுத்தால், வரவேற்புரையை விட அது அதிகம் பேசும்.

நூல் வெளியான அன்றே அடுத்த வரலாற்றுக்கான வேலையும் தொடங்கிவிடுகிறது. பொறுப்பு ஒப்படைக்கும் கூட்டத்தில், பதவி விடும் செயலாளர் ஆண்டறிக்கையோடு இன்னொரு பக்கமும் எழுதித் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தில் எண்கள் வேண்டாம். அந்த ஆண்டில் சேர்ந்தவர் ஏன் சேர்ந்தார், விலகியவர் ஏன் விலகினார், நடத்த நினைத்து நடவாமற்போனது எது, கூட்டத்தில் நீண்ட நேரம் விவாதிக்கப்பட்டது எது என்பவை மட்டும் இருக்கட்டும். படங்களின் பின்புறத்தில் பெயர்களை எழுதும் வேலையையும் அதே மாதத்தில், படத்தில் இருப்பவர்களை வைத்துக்கொண்டே முடித்துவிடலாம்.